சிறு காயம் யாருக்குச் சிறியது?

தவழும் குழந்தை கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு அழுதால், வீட்டுப் பெரியவர்கள் ஓடிவந்து முதலில் கதவை அடிப்பார்கள். "எங்கள் பாப்பாவையா இடித்தாய்?" என்று கதவுக்கு ஒரு வசவும் விழும். குழந்தை திகைத்துப்போய் அழுகையை நிறுத்தும். நெற்றியில் புடைத்தது மறுநாள் வற்றிவிடும். அப்படி ஒன்று நடந்ததே பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

கதவை அடித்து நாம் கணக்கை முடித்த பிறகுதான் உடம்புக்குள் வேலை ஆரம்பமாகிறது. அறுந்த நுண்குழாய் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) ஓட்டையை அடைக்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் புரதங்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட்டு அந்த அடைப்பின்மேல் வலை பின்னுகின்றன. நரம்பு வலியை அனுப்பி, அந்த இடத்தைத் தொடாதே என்கிறது. வேலை முடிந்ததும் எல்லாம் தாமாக அடங்கிவிடுகின்றன. சிறு காயம் சிறிதாகவே முடிவதற்குக் காரணம் அடி மெதுவாகப் பட்டது மட்டுமல்ல. இத்தனையும் பிசகாமல் நடப்பதும்தான்.

இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி பிறப்பிலேயே பழுதாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஒரு துண்டு விடுபட்டிருக்கும். அவர்களுக்கு நம்முடைய சிராய்ப்பு சிராய்ப்பு அல்ல. பத்திரிகைகள் இந்த நோய்களை 'உலக அதிசயம்' பாணியில் படம் போட்டு எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. இவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க என்னை உறுத்தியது வேறொன்று. இந்தப் பிள்ளைகளுக்கு நேரும் காயங்களில் பல, ஓடி விழுந்து வந்தவை அல்ல. அன்போடோ கடமையாகவோ தொட்ட கைகளால் வந்தவை. குளிப்பாட்டிய பாட்டி, ஊசி போட்ட செவிலியர், கட்டியை அறுத்துப் பார்த்த மருத்துவர் என்று அந்த வரிசை நீளும். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. எதிரே இருக்கும் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரியாது, அவ்வளவுதான்.

உறையாத இரத்தம்

ஹீமோபிலியா என்றதும் பலர் நினைப்பது, விரலில் பிளேடு பட்டால் இரத்தம் நிற்காமல் கொட்டி ஆள் இறந்துவிடுவார் என்று. அப்படி இல்லை. தட்டணுக்கள் நன்றாகவே இருப்பதால் மேலோட்டமான கீறல் பெரும்பாலும் நின்றுவிடும். இரத்தம் வேகமாகவும் பாய்வதில்லை. மற்றவர்களுக்குப் பாய்வதைவிட அதிக நேரம் கசிகிறது. சிக்கல் உள்ளே இருக்கிறது. தட்டணு அடைப்பின்மேல் வலை பின்ன வேண்டிய புரதங்களில் எட்டாம் எண் காரணி குறைந்தால் அது ஹீமோபிலியா 'ஏ'. ஒன்பதாம் எண் காரணி குறைந்தால் 'பி'. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு 'ஏ' வகை வருகிறது. 'பி' அதைவிட அரிது. மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் பெற்றோர் காரணி என்று சொல்வதில்லை. "ஃபேக்டர் போட வந்தோம்" என்பதுதான் அவர்கள் பேச்சு.

காரணியின் அளவு இயல்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் நோய் கடுமை. அந்த நிலையில் அடியே படாமலும் உள்ளே கசியும். அதிகம் கசியும் இடங்கள் மூட்டுகள்: முழங்கால், கணுக்கால், முழங்கை. குழந்தை தவழவும் நடக்கவும் பழகும் காலத்தில்தான் பல வீடுகளில் இது வெளியே தெரிகிறது. முட்டியில் நீலம் பாரிக்கிறது, தூக்கும்போது பிடித்த இடத்தில் விரல் தடம் கன்றிப்போகிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். மூட்டுக்குள் ஒரு குறுகுறுப்பு, லேசான சூடு. "அம்மா, ஆரம்பிக்கிறது" என்று அவனே சொல்வான். அனுபவப்பட்ட தாய் புறங்கையை இரண்டு முட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் போதும், வீக்கத்துக்குக் காத்திருக்க மாட்டாள். குளிர்பெட்டியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து, உடன் வந்த நீரை அதில் விட்டு, குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டிக் கரைத்து, இரத்தக் குழாயில் ஏற்றுவதற்கு ஏற்பாடு செய்வாள். குலுக்கினால் நுரை வரும், புரதம் கெடும்.

அந்த அவசரத்துக்கு நியாயம் உண்டு. மூட்டுக்குள் தேங்கும் இரத்தம் வெறுமனே வற்றிப் போவதில்லை. அதிலுள்ள இரும்பு மூட்டின் உள்சவ்வில் படிந்து அதை அழற்சியாக்குகிறது. வீங்கிய சவ்வில் புதுப்புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை இன்னும் எளிதில் கசிகின்றன. ஒரு முறை கசிந்த மூட்டே திரும்பத் திரும்பக் கசிவது இதனால்தான். குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, இருபது வயதுக்குள் முழங்கால் மடக்க வராமல் போனவர்கள், நல்ல சிகிச்சை எட்டாத தலைமுறையில் ஏராளம்.

விக்டோரியா அரசியின் கடைசி மகன் லியோபோல்டு, 1884இல் பிரான்சின் கான் நகரில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் அடி, தலையிலும் பட்டது. மறுநாள் அதிகாலை இறந்துபோனார். வயது 30. அவருடைய சகோதரிகள் வழியாக நோய் ருஷ்ய, ஸ்பானிய அரண்மனைகளுக்குப் போனது. ருஷ்ய இளவரசன் அலெக்சியைத் தூக்கிக்கொண்டு திரிவதற்கென்றே மாலுமிகள் இருவர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். அவனுக்கு இருந்தது 'பி' வகை என்பது 2009இல் எலும்பு மிச்சங்களின் மரபணுச் சோதனையில்தான் தெரிந்தது. அரண்மனைக் கதைகளைவிட எனக்கு வியப்பாக இருப்பது யூதர்களின் பழைய சமயச் சட்ட நூலான தால்முது சொல்வது. சுன்னத்தின்போது இரத்தம் நிற்காமல் ஒரு தாயின் இரண்டு மகன்கள் இறந்திருந்தால், மூன்றாவது மகனுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்கிறது அது. அக்காள் தங்கைகளின் மகன்கள் இறந்த கதையும் அதில் வருகிறது. நோய் தாய் வழியில் வருகிறது என்பதை, எக்ஸ் குரோமோசோம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் யாரோ கவனித்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இதே கேள்வி வேறு நாட்களில் எழுகிறது. குலதெய்வம் கோயிலில் மொட்டை, காது குத்து, முஸ்லிம் வீடுகளில் சுன்னத், பால் பல் விழும் நாள், தடுப்பூசி. இவற்றில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது தடுப்பூசிதான். தசையில் ஆழமாகப் போடும் ஊசி இந்தப் பிள்ளைகளுக்குத் தொடைக்குள் எலுமிச்சை அளவு இரத்தக் கட்டியைக் கொண்டுவரலாம். அதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. தோலுக்கு அடியிலோ மிக மெல்லிய ஊசியாலோ போட்டு, அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் வரிசையில் ஐம்பது குழந்தைகள் நிற்கும் முகாமில் அதைச் சொல்ல வேண்டியவர் தாய்தான். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது என்பதையும் தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவரிடம் இதை ஒரு தாய் எடுத்துச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நோயாளிகள் தங்கள் நோயின் பெயரும் காரணியின் அளவும் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பது அதற்காகத்தான்.

சிகிச்சையின் கதையில் வெற்றியும் கொடுமையும் அடுத்தடுத்து வருகின்றன. 1964இல் அமெரிக்காவின் ஜூடித் பூல் ஓர் எளிய விஷயத்தைக் கண்டுகொண்டார். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறைய வைத்து, குளிரிலேயே மெல்ல இளகவிட்டால், அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி செறிந்திருக்கிறது. எந்த இரத்த வங்கியிலும் செய்யக்கூடிய வேலை அது. அடுத்து ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரித்த பொடி மருந்து வந்தது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பொடி வழியாகத்தான் 1980களில் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி வைரஸும் ஆயிரக்கணக்கான ஹீமோபிலியா நோயாளிகளுக்குப் போயின. மூட்டைக் காப்பாற்ற வந்த மருந்தால் உயிர் போனது. மரபணுத் தொழில்நுட்பத்தில் ஆய்வகத்தில் செய்த காரணி 1992இல் வந்த பிறகுதான் அந்தப் பயம் தணிந்தது.

அதிலும் ஒரு தொல்லை உண்டு. எட்டாம் காரணி உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரமே ஆகிறது. ஆகவே கசிவே வராமல் தடுக்க வேண்டுமானால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தக் குழாயில் ஊசி. கடுமையான 'ஏ' வகையில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு உடம்பே அந்த மருந்தை அந்நியன் என்று எண்ணி எதிர்க்கத் தொடங்குகிறது. இந்த முடிச்சை அவிழ்த்தது எமிசிசுமாப் என்ற மருந்து. அது எட்டாம் காரணியே அல்ல. அந்தக் காரணி செய்யும் வேலையை, அதாவது ஒன்பதாம் காரணியையும் பத்தாம் காரணியையும் சேர்த்துப் பிடித்துக் கொடுப்பதை, அதன் இடத்தில் நின்று செய்யும் ஓர் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி). தோலுக்கு அடியில் வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ போட்டால் போதும். விலைதான் எட்டவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு இந்தத் துறையில் தனி இடம் உண்டு. பணக்கார நாடுகள் கொட்டும் அளவுக்குக் காரணி வாங்க முடியாத இடத்தில் குறைந்த அளவைக் கொண்டே மூட்டுகளைக் காக்க முடியுமா என்று நெடுங்காலம் உழைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜை மூல அணுக்களை எடுத்து, எட்டாம் காரணிக்கான மரபணுவை அவற்றில் ஏற்றி, அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சையை ஐந்து பேருக்குச் செய்து, அதன் விவரங்களை 2024 டிசம்பரில் வெளியிட்டதும் அவர்கள்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நன்றாக நடந்துபோகும் பிள்ளைக்கு எதற்குச் சான்றிதழ் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பெண்களைப் பற்றிய ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் நோயைக் 'கடத்துபவர்கள்' மட்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். அவர்களிலேயே காரணி குறைந்து, பிரசவத்தில் அவதிப்படுபவர்கள் உண்டு. தவிர, இரத்தம் உறையாமல் போகும் இன்னொரு நோயான வான் வில்லிபிராண்டு நோய் ஆண் பெண் இருவருக்கும் சமமாக வருகிறது. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டு 1926இல் அதை விவரித்தது, ஓலந்துத் தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமியை வைத்து. அவள் பிறகு பதின்ம வயதில் மாதவிடாய் இரத்தப்போக்கிலேயே இறந்தாள். "எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே அதிகமாகத்தான் போகும்" என்று சொல்லி அடுப்படிக்குத் திரும்பிவிடும் பெண்களில் எத்தனை பேருக்கு அது குடும்ப வழக்கம் அல்ல, நோய் என்று தெரியும்?

கம்பி இளைத்த கான்கிரீட்

கூடத்தில் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு நடுவே பிறந்த குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் கைகால்களை இழுத்து உருவிக் குளிப்பாட்டுவதைப் பார்க்காதவர் குறைவு. வலது கையையும் இடது காலையும் குறுக்காகச் சேர்த்து நீவிவிடுவார்கள். உடம்பு உரம் பெறும், நரம்பு முறுக்கேறும் என்பது நம்பிக்கை. குழந்தையும் அடித்துப் போட்டாற்போல் தூங்கும்.

பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு அந்தக் குளியலில் எலும்பு முறிந்துவிடலாம். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, எலும்பு நொறுங்கும் நோய். எலும்பைக் கான்கிரீட் என்று கொண்டால் கால்சியம் சிமெண்ட், கொலாஜன் என்ற புரதம் உள்ளே போகும் கம்பி. இந்த நோயில் பழுது பெரும்பாலும் கம்பியில். அதனால்தான் "பால் நிறையக் கொடுங்கள், கால்சியம் மாத்திரை கொடுங்கள்" என்ற அக்கம்பக்கத்து யோசனை பெரிதாகப் பலிப்பதில்லை. கம்பி இல்லாத தளத்தில் சிமெண்டை மட்டும் கூட்டி என்ன செய்வது?

கொலாஜன் மூன்று இழைகளை முறுக்கிய முப்புரிக் கயிறு. இழை நெடுக மூன்றாவது இடம் ஒவ்வொன்றிலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கும். கயிற்றின் நடுவில் இருக்கும் இடுக்கில் அது மட்டும்தான் பொருந்தும். அங்கே வேறு பெரிய அமிலம் வந்து உட்கார்ந்தால் முறுக்கு கோணிப்போகும். இதில் ஒரு முரண் இருக்கிறது. தாய் தந்தையரிடமிருந்து வந்த இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று அடியோடு வேலை செய்யாவிட்டால் கயிறு பாதியளவுதான் உருவாகும், ஆனால் உருவாவது நல்ல கயிறு. நோய் லேசாக இருக்கும். அந்தப் பிரதி வேலை செய்து கோணல் இழையைத் தந்தாலோ, ஒவ்வொரு கயிற்றிலும் அந்த வகை இழை இரண்டு என்பதால், நான்கில் மூன்று கயிறுகளில் கோணல் இழை நுழைந்துவிடும். நோய் கடுமையாகும். ஒன்றும் செய்யாத கை பரவாயில்லை, தப்பாகச் செய்யும் கைதான் ஆபத்து.

லேசான வகையில் வெளியில் தெரியும் அடையாளம் கண்ணின் வெள்ளை விழி நீலம் பாய்ந்திருப்பது. சிலருக்குப் பல்லும் மங்கலாக, எளிதில் உடைவதாக இருக்கும். வயதானபின் காது மந்தமாகும். எலும்பு அடர்த்திக்காக இரத்தக் குழாயில் ஏற்றும் பாமிட்ரோனேட் வகை மருந்து 1990களின் இறுதியிலிருந்து பயன்படுகிறது. வளைந்த கால் எலும்புக்குள், குழந்தை வளர வளரத் தானும் நீளும் உலோகத் தண்டைச் செருகுகிறார்கள். இவை பெரிய விஷயங்கள்தாம். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் சொல்லித்தரும் முதல் பாடம் மிகச் சின்னது: துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிட்டத்துக்கு அடியில் விரல்களை விரித்து உள்ளங்கையை நுழைத்து, மறுகையால் தலையையும் தோளையும் தாங்கி, அப்பளத்தை எடுப்பதுபோல் மொத்தமாக எடுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. இரத்த அழுத்தப் பட்டை இறுகினால்கூடச் சில குழந்தைகளின் மேற்கை முறியும்.

முறிந்த எலும்போடு மருத்துவமனைக்கு வரும் குழந்தை, "எப்படி விழுந்தான்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் விழிக்கும் பெற்றோர், படத்தில் ஏற்கெனவே ஆறிய இரண்டு முறிவுகளின் தடம். மேலை நாடுகளில் இந்த மூன்றும் சேர்ந்து, குழந்தையை அடித்ததாகப் பெற்றோர்மீது குற்றச்சாட்டு எழுந்ததும், குழந்தையை அரசு எடுத்துக்கொண்டதும் உண்டு. குழந்தையை உண்மையாகவே அடிப்பவர்களும் இருப்பதால் மருத்துவரின் சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் கண் வெள்ளையை ஒருமுறை பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

தோலும் வலியும்

தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் பிணைக்கும் புரதக் கொக்கிகள் பழுதானால் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. சட்டையின் தையல் உரசினாலே கொப்புளம் எழும். அதனால் பெற்றோர் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். கழுத்துப் பின்புறத்து லேபிளைக் கத்தரித்துவிடுகிறார்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது என்று நமக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள். இங்கே அது தலைகீழ். பிணைப்பே இல்லாததால் உள்ளே சேரும் நீர் பக்கத்துத் தோலையும் தள்ளிக்கொண்டு பரவும். எனவே தினமும் காலையில் சுத்தமான ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் அப்படியே மூடி வைக்க வேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி இவர்களுக்கு எமன். இரத்தம் எடுத்த இடத்தில் பழக்கதோஷத்தில் ஒட்டிய ஒரு துண்டை உரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். கடும் வகைகளில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், உணவுக்குழாய் சுருங்கும், இள வயதிலேயே தோல் புற்று வரும்.

ஜெர்மனியின் போஹும் (Bochum) நகருக்கு 2015இல் கொண்டுவரப்பட்ட ஏழு வயது சிரிய அகதிச் சிறுவனுக்கு உடம்பில் பெரும்பகுதி தோலே இல்லாமல் போயிருந்தது. அவனுடைய சொந்த அணுக்களில் மரபணுவைத் திருத்தி, இத்தாலியில் தோலாக வளர்த்து, உடலின் 80 சதவீதத்தில் ஒட்டினார்கள். அந்தத் தோல் பிடித்துக்கொண்டது. பையன் பள்ளிக்கூடம் போனான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும்: "சொந்தத்தில் கட்டியதால்தானே?" எபிடெர்மோலிசிஸின் சில கடும் வகைகளுக்கு ஆம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அவை தோன்றும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது வழக்கமாக இருக்கும் நம் பக்கம் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஹீமோபிலியாவுக்கு அது பொருந்தாது. அது தாயின் எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன் வரலாறே இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. எலும்பு நோயும் பெரும்பாலும் அப்படியே, ஒரே பிரதி போதும். மருமகளைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் குடும்பங்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது. மரபணுவில் எழுத்து மாறுவதில் யார் தப்பும் இல்லை.

வலியே தெரியாமல் பிறப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கையில் கத்தியைக் குத்திக்கொண்டும் நெருப்புத் தணல்மேல் நடந்தும் தெருவில் வித்தை காட்டிவந்தான். வலி ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடும் முன்பே, பதினான்கு வயது ஆகுமுன், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவுக் குடும்பங்களை ஆராய்ந்துதான் 2006இல் வலி நரம்பில் சோடியம் நுழையும் வாயில் ஒன்று பழுதானதைக் கண்டார்கள். இத்தகைய குழந்தைகள் பல் முளைத்ததும் தங்கள் நாக்கையும் விரல்நுனியையும் கடித்துக் குதறிக்கொள்வார்கள். முறிந்த காலோடு ஓடி விளையாடுவார்கள். சிறு காயத்தைச் சிறிதாக வைத்திருப்பதில் நொண்டி நடப்பதற்கும் பங்கு இருக்கிறது என்பது அவர்களைப் பார்த்தால் புரியும்.

நேர் எதிராக, நரம்பே நசுங்கத் தயாராக இருக்கும் ஒரு பரம்பரை நோயும் உண்டு. நரம்பின் உறையைச் செய்ய உதவும் ஒரு மரபணுவின் பிரதி விடுபட்டுப்போவதால் வருவது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒரு சினிமா பார்த்துவிட்டு எழுந்தால் பாதம் தொங்கிப்போகும். நமக்கு ஐந்து நிமிடத்தில் தெளியும் மரத்துப்போதல் அவர்களுக்குச் சில வாரங்கள் நீடிக்கும். அதே மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருந்தால் வருவது முற்றிலும் வேறொரு நரம்பு நோய்.

தசையில் முளைக்கும் எலும்பு

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் ஏதோ ஒன்று குறைகிறது. கடைசியாகச் சொல்லப்போவதில் காயம் ஆறும் வேலை அளவுக்கு மீறி நடக்கிறது. ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா, சுருக்கமாக எஃப்.ஓ.பி. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது என்பார்கள். தசையில் அடிபட்டால், ஆறும்போது அந்த இடத்தில் தசைக்குப் பதிலாக எலும்பு முளைக்கும். உண்மையான எலும்பு, மஜ்ஜையோடு கூடியது. வளரக் கூடாத இடத்தில் வளர்கிறது என்பது ஒன்றுதான் குறை.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மூட்டர் அருங்காட்சியகத்தில் ஹாரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு இருக்கிறது. பொதுவாகக் காட்சிக்கு வைக்கும் எலும்புக்கூடுகளைக் கம்பி போட்டுக் கோத்து நிறுத்துவார்கள். அவருடையதற்கு அதிகம் தேவைப்படவில்லை. முதுகில் பலகை பலகையாக, தோளிலிருந்து விலாவுக்கும் இடுப்பிலிருந்து தொடைக்கும் பாலம் பாலமாக எலும்பு ஓடி எல்லாவற்றையும் ஒரே துண்டாக்கியிருக்கிறது. 1933இல் பிறந்தவர். சிறு வயதில் கால் முறிந்தது. அது சரியாகச் சேரவில்லை, தொடையும் இடுப்பும் விறைத்தன. முளைத்த எலும்புகளை வெட்டி எடுக்க மருத்துவர்கள் அறுவைசெய்தார்கள். அறுத்த இடத்தில் முன்பைவிடப் பெரிதாக முளைத்தது. 1973இல், நாற்பது வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது நிமோனியாவில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரால் அசைக்க முடிந்தது உதடுகளை மட்டும். தம்மைப்போன்றவர்களுக்கு உதவட்டும் என்று தம் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

காரணம் 2006இல் பிடிபட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் கேப்லனும் ஐலீன் ஷோரும் அவர்களது குழுவும் கண்ட ஒற்றை எழுத்து மாற்றம், ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் இருக்கிறது. உலகெங்கும் இந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லாரிடமும் அதே எழுத்து, அதே இடம். அந்த மரபணு தருவது அணுவின் மேல் நிற்கும் ஒரு வாங்கி. எலும்பு உருவாகு என்ற சேதியைப் பெறுவது அதன் வேலை. அடிபட்ட இடத்தில் அழற்சி ஏற்படும்போது ஆக்டிவின் 'ஏ' என்ற புரதம் சுரக்கிறது. நமக்கு அது இந்த வாங்கியை உசுப்புவதில்லை, அடக்கியே வைக்கிறது. எழுத்து மாறிய வாங்கியோ அதையே எலும்பு உருவாக்கும் ஆணையாகப் படித்துவிடுகிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். சிறு அடிக்கும் பெரிய எலும்புக்கும் நடுவில் இருந்த புதிர் இப்படி அவிழ்ந்தது. அழற்சியைக் கிளப்பும் எதுவும், ஒரு ஃப்ளூ காய்ச்சல்கூட, போதும். பாலோவரோடீன் என்ற மருந்துக்கு 2022இல் கனடாவும் 2023இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அது புது எலும்பைக் குறைக்கிறது, முளைத்ததை அகற்றுவதில்லை.

இந்த நோயில் மருத்துவரின் கை எப்படி எதிரியாகிறது என்பதுதான் என்னால் மறக்க முடியாதது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு முதுகிலோ கழுத்திலோ திடீரென்று கெட்டியான வீக்கம். புற்றுநோய் என்று பயந்து, எந்த நல்ல மருத்துவரும் செய்வதைச் செய்கிறார்கள்: ஒரு துண்டு அறுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அறுத்த காயமே அடுத்த எலும்புக்கு விதையாகிறது. தசையில் போடும் ஊசி கூடாது. பல் பிடுங்கும்போது தாடையை மரத்துப்போகச் செய்யும் ஊசி பட்டால் தாடை பூட்டிக்கொண்டு வாய் திறக்காமல் போகலாம். நோயைத் தெரியாமல் செய்யும் ஒவ்வொரு உதவிக்கும் அந்த உடம்பு எலும்பாகப் பதில் சொல்கிறது.

அறுக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு என்பதுதான் கொடுமை. இந்தப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாருக்கும் பிறக்கும்போதே கால் கட்டைவிரல் குட்டையாக, உள்பக்கம் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். இரண்டு காலிலும். அப்படி விரல் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் இருப்பதாகப் பொருள் இல்லை. ஆனால் அந்த விரலும் முதுகில் காரணமற்ற வீக்கமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்ய வேண்டும். குழந்தை பிறந்ததும் இருபது விரலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நம் வீடுகளில் எப்போதும் உள்ள வழக்கம். எண்ணும்போது கால் கட்டைவிரல் இரண்டும் நேராக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முதல் தடுப்பூசிக்கு முன் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடலாம்.